கீழே போகும் சாலை

இறங்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகியும் அந்தச் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டே போனது.

முன் இருக்கையின் முதுகில் தொங்கிய வலைப்பையில் யாரோ அதைச் செருகியிருந்தார்கள். அக்கா தங்கை இருவரில் பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மலையேறும்போது துறைத்தலைவர் இதே பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஆடும் பேருந்தில் கம்பியைப் பற்றியபடி, மாணவர்களுக்கு ஒரு குட்டிப் பாடமே நடத்தியிருந்தார். "மேல போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் குறையும். உள்ள இருக்கிற காத்து விரியும். அதான் இது தொந்தி போடுது. திரும்ப இறங்கும்போது பாருங்க, பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி ஒட்டிப்போயிரும்." பின்வரிசையிலிருந்து, ரேடியோ என்று எல்லாரும் கூப்பிடும் மாணவன், "அதுவரைக்கும் நான் விட்டு வைக்கணுமே சார்" என்றான். பேருந்தே சிரித்தது.

இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். பாக்கெட் ஒட்டவில்லை. மலையுச்சியில் இருந்ததைவிடப் பெருத்து, ஓரத்து ஒட்டல்கள் வெளுத்து, வலையின் கண்களுக்குள் சதைபோலப் பிதுங்கிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை.

வெயிலில் சூடாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து வெயிலே இல்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவள் அந்தக் கல்லூரியின் நிலவியல் துறையில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். கல் அறுக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் விடுவது, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவிய கல்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது, நுண்ணோக்கிகளுக்கு உறை போடுவது என்று நாலு சுவருக்குள் முடிகிற வேலை. மாணவர்களோடு ஊர் சுற்றுவது அதில் சேராது. வந்தது தங்கைக்காக. சின்னவள் அதே துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு. "நீ கூடப் போறதா இருந்தா அனுப்புறேன், இல்லாட்டி அவ வீட்டுலயே கிடக்கட்டும்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

வீட்டில் இருவருக்கும் ஒரே அறை. இருட்டில் சின்னவளின் நெஞ்சிலிருந்து வரும் அந்தச் சன்னமான விசில், எங்கோ பூனைக்குட்டி ஒன்று அழுவதுபோல ஏறி இறங்கும் அந்த ஓசை, அக்காவுக்குத் தாலாட்டு. மற்றவர்கள் சத்தம் கேட்டால் விழிப்பார்கள். இவள் அந்தச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள்.

மலைக்கு வருமுன் கீழே நகரத்தில் கழித்த நாட்கள் சின்னவளுக்கு ஆகவில்லை. துறைமுகத்துப் புழுக்கம், சட்டையை முதுகோடு ஒட்டவைக்கும் உப்புக்காற்று, சிக்னலுக்குச் சிக்னல் முகத்தில் ஊதும் டீசல் புகை, அருங்காட்சியகத்தில் கற்களுக்கு நடுவே ரசகற்பூர வாடை, தங்கும் விடுதியில் பூஞ்சை பூத்த சுவர். போகிற இடமெல்லாம் அக்கா இன்ஹேலரும் கையுமாகப் பின்னாலேயே ஓடினாள். கடைசியில் விடுதி மாடிப்படியில் வைத்து சின்னவள் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"எல்லார் முன்னாடியும் வாயைத் திற, வாயைத் திறன்னு... நான் என்ன பால்குடியாக்கா? நாளைக்கு பஸ்ல என் பக்கத்துல உட்காராத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அதனால்தான் அவள் இங்கே முன்னால், துறைத்தலைவருக்குப் பின் இருக்கையில். சின்னவள் பின்னால், சன்னலோரம், வாய் ஓயாத ரேடியோவுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் நடுவில். மேட்டு நிலத்துக் கல்குவாரியில் குளிர்காற்று சீழ்க்கையடிக்க, கூட்டத்தோடு கூட்டமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தவள், தூரத்திலிருந்தே ஒரு கல்லை அக்காவுக்குத் தூக்கிக் காட்டினாள். கிழங்குபோல ஒரு கல். சமாதானம் என்று அர்த்தம். அக்காவுக்கு அது போதும்.

சாப்பாடு முடித்துக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மூடுபனி வந்தது.

முதலில் பள்ளத்தாக்கை மூடியது. அப்புறம் மரங்களை. அப்புறம் சாலையின் இரு கரைகளையும் தின்று, பேருந்தின் மஞ்சள் விளக்கு முன்னால் ஒரு வண்டி நீளத்துக்குத் தார்ச்சாலையும், பள்ளத்தின் பக்கம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவரும் மட்டும் மிச்சம் விட்டது. உள்ளே ஈரக் கம்பளி வாடை, ஆரஞ்சுத் தோல் வாடை, காலணிகளில் ஒட்டிய செம்மண் வாடை. சன்னல் கண்ணாடிகளில் நீர் கோடு கோடாக வழிந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு வளைவிலும் சாலை கீழே சரிந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அவள் முதுகு இருக்கையில் அழுந்தியது. இறங்கும்போது உடம்பு முன்னால்தானே சாயும்?

காது அடைத்தது. எச்சில் விழுங்கினாள். விட்டது. மறுபடி அடைத்தது.

இஞ்சின் முனகலையும் அப்போதுதான் கவனித்தாள். சுமை தூக்கியவன் படியேறும் சத்தம் அது. எழுந்து ஓட்டுநரின் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுத்தர வயதுக்காரர், இந்த மலையிலேயே வண்டியோட்டிக் காய்த்துப்போன கை. அந்தக் குளிரிலும் அவர் பிடரியில் வியர்வை வழிந்தது.

"அண்ணே, கீழதானே போறோம்?"

அவர் திரும்பவில்லை. "ரோடு கீழதாம்மா போகுது. கண்ணால பார்க்கிறேன்ல." கியரை மாற்றினார். கியர்ப்பெட்டி கரகரத்தது. "வண்டிதான் ஏறுது."

"என்ன சொல்றீங்க?"

"போய் உட்காருங்கம்மா. பிள்ளைங்க காதுல விழப்போகுது."

துறைத்தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாற்பது மலை ஏறியவர்போல எப்போதும் நிமிர்ந்திருக்கும் மனிதர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பாறை. அவர் மணிக்கட்டில் உயரம் காட்டும் கடிகாரம் ஒன்று உண்டு. அவள் பார்வை அங்கே போவதைக் கண்டதும் கம்பளிச் சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

"மழை வரப்போகுது" என்றார். "அழுத்தம் குறையும். அதனால கருவி தப்பாக் காட்டும், பாக்கெட் உப்பும், காது அடைக்கும். எல்லாத்துக்கும் காரணம் இருக்கும்மா."

நியாயமான பேச்சுதான். ஆனால் அதைச் சொன்ன உதடு நீலம் பாரித்திருந்தது.

நேரம் போனது. இருட்டவில்லை. இந்நேரம் நகரத்து விளக்குகள் தெரிந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் வெளிச்சமாவது மங்கியிருக்க வேண்டும். பனிக்குப் பின்னால் அதே பால் வெளுப்பு, கூடாமல் குறையாமல், அணைக்க மறந்த குழல்விளக்குபோல நின்றது. ஒரு பறவை கத்தவில்லை. எதிரே ஒரு வண்டி வரவில்லை. கைபேசியில் சிக்னல் எப்போதோ செத்திருந்தது.

பின்னால் ரேடியோ ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தான். விடுதிச் சமையல்காரரைப் பற்றி. "அந்த ஆளு கரண்டியை எடுத்துட்டு நேரா என்கிட்ட வந்து..." என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. யாரும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை.

அப்போது பாக்கெட் வெடித்தது.

துப்பாக்கி வெடித்ததுபோல. அவள் வாய்விட்டு அலறிவிட்டாள். ஓட்டுநர் துள்ளினார். உப்பும் மிளகாயுமாக நொறுங்கல்கள் அவள் மடியெங்கும் சிதறின. அலறியதற்கு வெட்கப்பட்டு, கேலிச் சிரிப்பை எதிர்பார்த்து, அவள் பின்னால் திரும்பினாள்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவே இல்லை. பேருந்து நிறைய மாணவர்கள், எல்லாருமே பள்ளத்துப் பக்கமாக முகத்தைத் திருப்பி, வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லாத சன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவளும்தான்.

"அங்க ஆள்" என்றார் ஓட்டுநர்.

வளைவில், தடுப்புச் சுவர்மேல், ஒருவன் உட்கார்ந்திருந்தான். சாலைக்கு முதுகைக் காட்டி, கால்களைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டு. ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்தார். அவன் திரும்பவில்லை. பேருந்து அவனை உரசுவதுபோலக் கடந்தது. அடுத்த வளைவில் மூன்று நான்கு பேர், தோளோடு தோள் உரச. ஒரு பெண்ணின் நனைந்த பின்னல். ஒரு முதியவரின் வழுக்கை, அதன்மேல் நீர்த்துளிகள். அதற்கடுத்த வளைவில் சுவர் முழுக்க ஆட்கள்.

"ஊர்க்காரங்கதான்" என்றார் துறைத்தலைவர். குரலில் நிம்மதி. "பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்கிறாங்க. நிறுத்துங்க, வழி கேட்டுட்டு வர்றேன்."

"வேண்டாம் சார்" என்றார் ஓட்டுநர். "இந்தப் பனியில என்னத்த வேடிக்கை பார்க்கிறது?"

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

கதவு திறந்ததும் குளிர் உள்ளே வந்தது. அதில் மண் வாடை இல்லை, இலை வாடை இல்லை. எந்த வாடையும் இல்லை. பாறை இறங்கி, இடுப்பில் சுத்தியல் ஆட, விளக்கு வெளிச்சத்தில் நடந்து போனார். சுவரின் ஓரத்தில் இருந்தவனிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவன் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அப்படியே நின்றார். பிறகு, களைத்து வீடு வந்தவர் நாற்காலியைத் தேடுவதுபோல, சுவரைக் கையால் தடவி, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, அவனருகில் உட்கார்ந்தார்.

"சார்!" என்று கத்தினாள். "சார்!"

ஓட்டுநர் கதவைச் சாத்தினார். வண்டியைக் கிளப்பினார்.

"அண்ணே, அவரை விட்டுட்டு எப்படிண்ணே..."

"எனக்குப் பிள்ளைங்க இருக்கும்மா!" என்று அவர் கத்தினார். அது எந்தப் பிள்ளைகள் என்று அவள் கேட்கவில்லை.

பேருந்து வளைவைத் திரும்பியது. அங்கேயும் சுவர். அங்கேயும் வரிசை. வரிசையின் ஓரத்தில் பழுப்புக் கம்பளிச் சட்டை. இடுப்பில் சுத்தியல்.

அந்த நேரத்தில்தான், இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் எதுவோ குறைகிறது குறைகிறது என்று நச்சரித்துக்கொண்டிருந்தது என்னவென்று தெரிந்தது. விசில். பின்னாலிருந்து வரவேண்டிய அந்தப் பூனைக்குட்டி ஓசை. எப்போது நின்றது?

இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் ஓடினாள். ரேடியோவின் முழங்காலைத் தாண்டி, தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"குட்டி! ஏய் குட்டி!"

சின்னவள் மெல்லத் திரும்பினாள். முகம் தெளிந்திருந்தது. மூக்கு விடைக்கவில்லை, கழுத்துக் குழி உள்வாங்கவில்லை. அக்காவைப் பார்த்து, சண்டையெல்லாம் மறந்து, அழகாகச் சிரித்தாள்.

"எவ்வளவு லேசா இருக்கு தெரியுமாக்கா? இப்படி இருந்ததே இல்ல."

அக்கா அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ இரவுகள் வைத்த இடம். முதுகு ஏறவில்லை. இறங்கவில்லை. காதை நெஞ்சில் வைத்தாள். கம்பளி மட்டும் உறுத்தியது.

"மூச்சு விடுடி."

"விட்டுட்டேனேக்கா" என்றாள் சின்னவள்.

பேருந்து நின்றது. ஓட்டுநர் பிரேக் போடவில்லை. இஞ்சின் ஒருமுறை இருமி, ஓய்ந்தது. அந்த அமைதியில் மாணவர்கள் எழுந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. சாப்பாட்டு மணி அடித்தால்கூட இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை. ஒருவர் பின் ஒருவராக, பைகளை இருக்கையிலேயே விட்டுவிட்டு, நடைபாதையில் நகர்ந்தார்கள். ரேடியோ அவளைக் கடக்கும்போது "கொஞ்சம் வழி விடுங்கக்கா" என்று மரியாதையாகச் சொன்னான். கதவை யார் திறந்தது என்று தெரியவில்லை. ஓட்டுநரின் இருக்கை காலி. சாவி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. இழுத்துக்கொண்டு இறங்கினாள். சுவர்ப் பக்கம் பார்க்காதே. பார்க்காதே. சாலை சரிந்து போகும் திசையில் ஓடினாள். கீழே. கீழே போனால் நகரம். வெக்கை, புகை, உப்புக்காற்று, பூஞ்சை பூத்த அந்த அறை. அங்கே போய்விட்டால் போதும். குட்டிக்கு மூச்சு இழுக்கட்டும், நெஞ்சு விசில் அடிக்கட்டும்.

கண்ணெதிரே சாலை சரிந்தது. தொடைகள் எரிந்தன. மாடிப்படி ஏறுகிறவளின் தொடைகள். முழங்கால் கனத்தது. வாயைப் பிளந்து காற்றை இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். ஒரு துளி. சின்னவள் பின்னாலேயே, அடம்பிடிக்காமல், காற்றடைத்த பலூன்போலக் கூட வந்தாள்.

"எதுக்குக்கா ஓடுற?"

பதில் சொல்ல மூச்சில்லை. சுவர் கூடவே வந்தது. முதுகுகள் கூடவே வந்தன. பின்னல்கள். வழுக்கைகள். பள்ளிச் சீருடை. ஒரு கைக்குழந்தையைத் தோளில் சாய்த்த முதுகு. குழந்தையும் அந்தப் பக்கமே பார்த்தது.

கால் மடங்கியது. தார்ச்சாலையில் விழுந்தாள். உள்ளங்கை சிராய்த்தது. ரத்தம் வந்தது. கையை விட்டுவிட்டோம் என்று நினைத்தாள். இல்லை. இப்போது சின்னவள்தான் அவளைப் பிடித்திருந்தாள்.

விசில் கேட்டது.

சன்னமாக, ஏறி, இறங்கி. ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. குட்டி மூச்சு விடுகிறாள். அப்புறம் புரிந்தது. அந்த ஓசை தன் நெஞ்சிலிருந்து வந்தது. சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

"அது வேண்டாம்க்கா" என்று சின்னவள் அதை மெல்லப் பிடுங்கிக் கீழே வைத்தாள். அக்குளில் கைகொடுத்து அவளை எழுப்பினாள். இந்த மெலிந்த கைகளுக்கு எங்கிருந்து இந்த பலம்? "நீ எவ்வளவு நாள் எனக்காக முழிச்சிருந்த. போதும். உட்கார்ந்தா சரியாயிரும்."

"வீட்டுக்குப் போகலாம்டி." அந்த ஒரு வாக்கியத்துக்கு அவளிடமிருந்த காற்றெல்லாம் செலவாகிவிட்டது. "அம்மா..."

"வா."

கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால்கள் தரையில் தேய்ந்தன. சுவர் முழங்காலில் இடித்தது. கல் ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் எதுவும் இல்லை. வெள்ளை. எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள்?

சுவரில் இடமில்லை. தோளோடு தோள், இடைவெளி இல்லாமல். அது ஒன்றுதான் அவளுக்கிருந்த கடைசி ஆறுதல். இடமில்லை. பார், குட்டி, இடமே இல்லை.

சின்னவள், பேருந்தில் கேட்பதுபோல, குனிந்து சொன்னாள். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ரெண்டு பேர் இருக்கோம்."

ஓரத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். அவருக்கு அடுத்தவர் தள்ளினார். அவருக்கு அடுத்தவர். துணி கல்லில் உரசும் சத்தம். ஒருவர் பின் ஒருவராக, வளைவைத் தாண்டி, பனிக்குள், கண்ணுக்குத் தெரியாத முதுகுகள் எல்லாம் ஒரு ஆள் அளவு, இரண்டு ஆள் அளவு நகர்ந்தன. சத்தம் தூரம் போனது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். எங்காவது கடைசி ஆள் இருப்பான். எங்காவது அது நிற்கும்.

அந்த உரசல் போய்க்கொண்டே இருந்தது.